பூசையில் வைத்த காது

"அதுக்கு ஏன் சந்தனம் வெச்சீங்க எல்லப்பன்? அதுக்கு ஏன்..."

"வெக்காம பின்ன? ஆயுத பூசைன்னா எல்லாத்துக்கும்தான் டீச்சரம்மா..."

"அது ஆயுதமா? மொதல்ல அதச் சொல்லுங்க. அது ஆயுதமா?"

"வயரு கீது, செல்லு கீது, சுவிச்சி கீது. ஆயுதம் இல்லாம பின்ன இன்னா, பலகாரமா?"

ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசிக்கொண்டிருந்ததில், காலை மணி அடிக்க வேண்டியவர் அட்டெண்டர் எல்லப்பன்தான் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். வெளியே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் அதை நினைவூட்டுவதாக இல்லை.

மரகதம் டீச்சரின் உள்ளங்கையில் இருந்தது காது மிஷின். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதிலிருந்து ஒரு வயர். வயரின் நுனியில் காதில் செருகிக்கொள்ளும் குமிழ். பெட்டியின் முகத்தில் சல்லடை மாதிரிப் பொடி ஓட்டைகள். அந்த ஓட்டைகள் வழியாகத்தான் பாடம் உள்ளே போய், பெரிதாகி, காதுக்கு ஏற வேண்டும். இப்போது அந்தச் சல்லடையின் மேல் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். பூசை விடுமுறை முழுக்கக் காய்ந்து, காரை பூசினாற்போல் இறுகிக் கிடந்தது.

"குளோபுக்குக்கூடத்தான் வெச்சேன்," என்றார் எல்லப்பன். "பொட்டு நேரா அமெரிக்கா மேல வுழுந்திச்சி. எவனாவது கேட்டானா? டைப் மிஷினுக்கு வெச்சேன், மணிக்கு வெச்சேன், சைக்கிள் பம்புக்கு வெச்சேன். என் மருமவன் கம்பெனில அம்மாம் பெரிய பிரஸ் மிஷினுக்கு வாழக்கன்னு கட்டி பூசணிக்கா ஒடச்சாங்க. மறுநாளு அது ஓடலியா?"

"அந்த மிஷினுக்குக் காது கேக்க வேணாம். இதுக்குக் கேக்கணும்! எங்கேருந்து எடுத்தீங்க இத?"

"அய்யா ரூம்புல, மேச மேலருந்துதான். அய்யா பூசைக்குன்னு சட்டய கயட்டி வெச்சிட்டுக் கை காலு கழுவப் போனாரு. மேச மேல இருந்தத எல்லாம் அள்ளியாந்து வரிசையா வெச்சேன். அய்யாவே திரும்பி வந்து பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. கற்பூரம் அணையற வரிக்கும் இதயே பாத்துக்கினு நின்னாரு. அம்மாம் பக்தி!"

மரகதம் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அந்த மிஷின் ஒன்பதாம் வகுப்பு ரஞ்சனிக்கு என்று சர்க்கார் கொடுத்தது. பென்னலூர்ப் பெண். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ரஞ்சனியின் காதைப் பாதி கொண்டுபோய்விட்டது. எட்டாம் வகுப்பு வரை கடைசி பெஞ்சில் சித்திரம் போல் உட்கார்ந்திருந்தவள், மிஷினை மாட்டிய மறு மாதமே சரித்திரத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் வைத்து, இப்படி ஒரு கருவியைக் கொடுத்து, காது கேளாத பிள்ளையையும் படிக்க வைக்கலாம் என்பது அந்த வட்டாரத்துக்கே புதுச் சங்கதி. அந்தப் புதுச் சங்கதி நடக்கிறதா, இல்லை மிஷின் பீரோவில் தூங்குகிறதா என்று பார்க்கக் காஞ்சிபுரத்திலிருந்து அதிகாரி வருகிறார். இன்றைக்கு. இன்னும் இரண்டு பீரியடில்.

மிஷின் கெட்டிருந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எடுத்துக்கொண்டு போனால் ரஞ்சனியின் அப்பா என்ன செய்வார் என்பதும் டீச்சருக்குத் தெரியும். மிஷின் வந்த அன்றைக்கே அவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "மிஷின் இருக்கிற வரிக்கும் படிக்கட்டும் டீச்சர். அது இல்லன்னா பள்ளிக்கூடம் வேணாம். செருப்பு கம்பெனில பசை தடவ ஆளு எடுக்கிறான். அந்த வேலைக்குக் காது தேவயில்ல பாருங்க."

அந்தப் பயத்தில்தான் டீச்சர் ஒரு சட்டமே போட்டிருந்தாள். மிஷின் வீட்டுக்குப் போகக் கூடாது. வீட்டில் தம்பிகள் பிடுங்கி உடைத்துவிட்டால் யார் பதில் சொல்வது? தினமும் சாயங்காலம் கழற்றி ஹெட்மாஸ்டர் மேசை மேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். காலையில் வந்து மாட்டிக்கொள்ள வேண்டும். ரஞ்சனி ஒரு நாளும் தப்பாமல் வைத்தாள். இப்போது பார், அப்படி வைத்ததே வினையாகப் போயிற்று.

"என்ன சத்தம் இங்கே?"

ஹெட்மாஸ்டர் ரகுபதி வந்து நின்றார். உண்மையில் அப்போது ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பேரும் வாயை மூடிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஆனால் எங்கே போனாலும் முதலில் அதைக் கேட்டு வைப்பது அவர் வழக்கம்.

ரகுபதி சாரைப் பற்றி இரண்டு விஷயம் எல்லாருக்கும் தெரியும். ஒன்று, சித்திரை வெயிலிலும் காதை மூடி மஃப்ளர் கட்டுவார். காற்று புகுந்தால் தலை வலிக்குமாம். இரண்டு, யாராவது பேசினால் அவர்கள் வாயையே முறைத்துப் பார்ப்பார், போலீஸ்காரர் மாதிரி. அந்த முறைப்புக்குப் பயந்தே பாதி வாத்தியார்கள் லீவு கேட்க வந்து கேட்காமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். ரஞ்சனி ஒருத்திதான் பயமில்லாமல் அவர் எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். அப்படிப்பட்ட மனுஷன், அவளுக்கு மிஷின் வேண்டும் என்று டீச்சர் சண்டைக்குத் தயாராகப் போய் நின்றபோது, ஒரு வார்த்தை எதிர் பேசாமல் தானே மனு எழுதி, தானே காஞ்சிபுரத்துக்கு அலைந்து, வாங்கி வந்தார். அது ஏன் என்று இன்றுவரை டீச்சருக்குப் புரியவில்லை.

அவர் கண் இப்போது நேராக டீச்சர் கையில் இருந்த மிஷினுக்குப் போயிற்று. முகம் வாடிவிட்டது. கையை நீட்டினார்.

"அது... அதை இப்படி..."

"ஒண்ணுமில்ல சார்!" டீச்சர் மிஷினைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்தாள். "லேசாத் தூசி. அதிகாரி வர்றதுக்குள்ள பளிச்சுன்னு ஆக்கிடறேன்."

"இல்லம்மா, நானே..."

"நீங்க எதுக்கு சார் சிரமப்படறீங்க!"

அவள் விடுவிடுவென்று நடந்தாள். எல்லப்பன் பின்னால் ஓடினார். ரகுபதி சாரும் நீட்டிய கையோடு பின்னாலேயே வந்தார்.

"அய்யாவும் வர்றாரு டீச்சரம்மா."

"திரும்பிப் பாக்காதீங்க. வேகமா நடங்க."

முதலில் டீச்சர் கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து, ஓட்டை ஓட்டையாகக் குத்திச் சந்தனத்தைக் கிளறினாள். சந்தனம் கிளம்பியது. ஆனால் வெளியே வரவில்லை, உள்ளே போயிற்று.

"குத்தாதீங்க, ஊற வெக்கணும்," என்றார் எல்லப்பன். "காஞ்ச சந்தனத்துக்கு எண்ணதான் மருந்து. கம்பெனில எந்த மிஷின் மக்கர் பண்ணாலும் மொதல்ல எண்ணதான வுடறான்?"

அவர் சொன்னது அந்த நேரத்தில் டீச்சருக்கு நியாயமாகப் பட்டது. அவசரத்தில் எதுதான் நியாயமாகப் படாது? சத்துணவுக் கூடத்திலிருந்து தேங்காய் எண்ணெய் வந்தது. ஒரு சொட்டு விடப் போய் எல்லப்பன் ஒரு கரண்டி விட்டார். சந்தனமும் எண்ணெயும் உள்ளே சேர்ந்து குழம்பாயிற்று. மிஷினை ஆட்டினால் களக் களக் என்றது.

வராந்தாத் தூணுக்குப் பக்கத்தில் நின்ற ரகுபதி சார் "ஐயோ" என்றார்.

"பாத்துட்டாரு," என்றாள் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு. "அதிகாரிகிட்ட சொல்லப் போறாரு. என் இன்கிரிமெண்ட் போச்சு."

சத்துணவு சமைக்கும் லூர்தம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா டீச்சர், என் எண்ணெய வாங்கி மிஷினுக்குத் தல வாருறீங்களா?"

"லூர்தம்மா, இதுல ஈரமும் எண்ணெயும் பூந்துருச்சு. எப்படியாவது காய வெக்கணும்."

"அடுப்புல வெச்சா உருகிடும். அரிசில பொதச்சி வெய்யி. அரிசி அப்பிடியே ஈரத்த இழுத்துக்கும். எங்கூட்டுக்காரரு கைக்கடியாரம் கெணத்துல வுழுந்தப்போ அப்பிடித்தான் வெச்சேன்."

"ஓடிச்சா?"

"ஓடல. ஆனா நல்லாக் காஞ்சிது."

மிஷின் அரிசித் தவலைக்குள் போயிற்று. டீச்சர் கொஞ்சம் மூச்சு விட்டாள். எல்லப்பனுக்கு மணியின் ஞாபகம் வந்து ஓடிப் போய் அடித்தார். பிரேயர் முடிந்தது. வருகைப் பதிவு முடிந்தது. ரஞ்சனி இன்னும் வரவில்லை. கம்பெனி லாரி ஒன்று ரோட்டில் குறுக்கே நின்றதால் பஸ் லேட் என்று யாரோ சொன்னார்கள். முதல் பீரியடைப் பாதியில் விட்டுவிட்டு டீச்சர் அடுப்படிக்கு வந்து பார்த்தால், தவலை காலி.

"அரிசி எங்க?"

"இன்னா கேள்வி டீச்சர்? கழுவி ஒலைல போடத்தான்..."

லூர்தம்மாளே பாதியில் நிறுத்திவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள்.

பிறகு நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டாம். நல்ல வேளையாக அரிசி உலைக்குப் போகவில்லை. மூன்றாம் கழுநீரில் ஊறிக்கொண்டிருந்தது. லூர்தம்மாள் முழங்கை வரை விட்டுத் துழாவி, வயரைப் பிடித்து இழுத்து, மீன் பிடித்தவள் போல் தூக்கிக் காட்டினாள். அடுப்படி ஜன்னல் வழியாக ஒரு மஃப்ளர் எட்டிப் பார்த்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கீழே இறங்கிற்று.

"அய்யா உக்காந்துட்டாரு," என்றார் எல்லப்பன். "மண்ணுலயே உக்காந்துட்டாரு."

"கோவத்துல மயக்கம் வருது மனுஷனுக்கு."

அப்போதுதான் எல்லப்பனின் மருமகன் செந்தமிழன் நைட் ஷிப்ட் முடிந்து, சாப்பாட்டுத் தூக்கோடு பள்ளிக்கூட வாசலில் போய்க்கொண்டிருந்தான். எல்லப்பன் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"மாப்ள! உன் லைன்ல இந்த மாரி சாமான் எதுனா ஓட்டறீங்களா?"

"இன்னா மாமா இது, இம்மாத்தூண்டு! எங்க லைன்ல டெய்லி ஆயிரம் போர்டு பாக்குறேன் நானு." சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தான். தூக்கம் சொக்கிய கண்ணை ஒரு தடவை கசக்கிக்கொண்டு, ஹெட்மாஸ்டர் அறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திருகாணியைக் கழற்றினான்.

டிங் என்று ஏதோ துள்ளிப் போயிற்று.

"யாரும் நகராதீங்க!" என்றான் செந்தமிழன். "மிதிச்சிடப் போறீங்க!"

டீச்சர் குனிந்து தேடினாள். எல்லப்பன் படுத்தே தேடினார். ரகுபதி சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டி போட்டுத் தேடினார். ஹெட்மாஸ்டர் தவழ்வதை அந்தப் பள்ளிக்கூடம் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தது. கடைசியில் அவர்தான் கண்டுபிடித்தார், கடுகளவு ஒரு ஸ்பிரிங்கை. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தார். ஒரு திட்டு இல்லை, ஒரு அதட்டல் இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று டீச்சருக்குத் தோன்றியது.

செந்தமிழன் துடைத்தான், ஊதினான், திருகினான். மூடி முடித்த பிறகு அவன் உள்ளங்கையில் ஒரு சின்னத் துண்டு மிச்சம் இருந்தது.

"இது?" என்றாள் டீச்சர்.

"அது எக்ஸ்ட்ரா டீச்சர். கம்பெனிக்காரன் எப்பவும் ஒண்ணு ரெண்டு ஸ்பேர் வெப்பான்."

"உள்ளயா வெப்பான்?"

"பின்ன வெளில வெச்சா தொலஞ்சிடும்ல?"

அவன் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். டீச்சர் குமிழைத் தன் காதில் வைத்துப் பார்த்தாள். சுவிட்சை இப்படித் தள்ளினாள், அப்படித் தள்ளினாள். ஒன்றும் இல்லை. தலையணையைக் காதில் வைத்த மாதிரி இருந்தது.

"டீச்சர்."

திரும்பிப் பார்த்தால் ரஞ்சனி. நீலத் தாவணி, இறுக்கிப் பின்னிய ஜடை, பூசை முடிந்தும் குறையாத கனகாம்பரம். அதுவும் வலது காதையே மறைக்கிற அளவுக்கு ஒரு பந்து.

"டீச்சர், அது வந்து, ஒரு விஷயம்..."

"நீ ஒண்ணும் பேசாத கண்ணு!" என்று சொல்லிவிட்டு, மிஷின் இல்லாமல் இவளுக்கு எங்கே கேட்கப் போகிறது என்று நினைத்து, டீச்சர் கையால் பேச ஆரம்பித்தாள். மிஷினைக் காட்டினாள். செத்துப்போனது என்பதற்குக் கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். அதிகாரி என்பதற்கு மீசை முறுக்கினாள். ஜீப்புக்கு ஸ்டீரிங் பிடித்தாள். ரஞ்சனி பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தாள்.

"புரியுது டீச்சர். ஆனா அது..."

"உஷ்!" விரலை உதட்டில் வைத்து அழுத்திக் காட்டிவிட்டு, டீச்சர் ஷாரோனைக் கூப்பிட்டாள். ஷாரோன் லூர்தம்மாளின் மகள், ரஞ்சனிக்குப் பக்கத்தில் உட்காருபவள், வகுப்பிலேயே துடிப்பானவள். "ஷாரோன், அதிகாரி கேள்வி கேட்டா நீ இவள பெஞ்சுக்கு அடியில முழங்கால்ல இடிக்கணும். ஒரு இடின்னா எழுந்திருக்கணும். ரெண்டு இடின்னா உக்காரணும். பதில நோட்டுல பெரிசா எழுதி இவ பக்கம் தள்ளு."

"சரி டீச்சர். பதில் எனக்குத் தெரியலன்னா?"

டீச்சர் அதை யோசித்திருக்கவில்லை.

ஜீப் சத்தம் கேட்டது. டீச்சர் பதறிக்கொண்டு மிஷினை ரஞ்சனியின் தாவணியில் குத்தி, குமிழை வலது காதுக்குக் கொண்டு போனாள். ரஞ்சனி சட்டென்று தலையைத் திருப்பி இடது காதைக் கொடுத்தாள்.

"எப்பவும் அந்தக் காதுலதான மாட்டுவ?"

"இன்னிக்கு இது டீச்சர். அந்தப் பக்கம் பூ கீது."

பூவைப் பற்றிப் பேச நேரம் இல்லை.

அதிகாரி கட்டை குட்டையான மனிதர். ஃபைலை வாயருகே பிடித்துக்கொண்டு, முன்னால் நடந்துகொண்டே பேசுகிற பழக்கம் உள்ளவர். ரகுபதி சார் பின்னால் போய்க்கொண்டே, கேள்விக்கும் தலையாட்டினார், கேள்வி இல்லாததற்கும் தலையாட்டினார்.

"பள்ளிக்கூடத்துல குடிதண்ணி வசதி எப்படி?"

தலையாட்டல்.

"காம்பவுண்டு சுவர் ஏன் இடிஞ்சு கிடக்கு?"

அதே தலையாட்டல்.

"அடக்கமான மனுஷர்," என்றார் அதிகாரி.

ஒன்பதாம் வகுப்பு எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தது. அதிகாரி ரஞ்சனிக்குப் பின்பக்கமாகப் போய் நின்றார்.

"வாயசைவப் பாத்துச் சொல்லிடக் கூடாதில்ல? அதான் பின்னாடி நிக்கிறேன்," என்றார். "பொண்ணு, பல்லவர்களோட தலைநகரம் எது?"

ஷாரோன் இடித்தாள். ரஞ்சனி எழுந்தாள். பயத்தில் ஷாரோன் மறுபடி இரண்டு தடவை இடித்தாள். ரஞ்சனி உட்கார்ந்தாள். ஒரு இடி. எழுந்தாள். பெஞ்சே ஆடியது.

"என்ன, இந்தப் பொண்ணுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"பக்தி சார்," என்றார் கதவோரம் நின்ற எல்லப்பன், வேறு எதுவும் தோன்றாமல். "பூசை வாரம்."

அதிகாரி ஷாரோனைப் பார்த்தார், பெஞ்சுக்கு அடியில் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். நோட்டில் பெரிய எழுத்தில் 'தஞ்சாவூர்' என்று இருந்தது.

"நீ எழுந்து அந்தக் கடைசி பெஞ்சுல போய் உட்காரும்மா."

ஷாரோன் போனாள். அவளோடு டீச்சரின் உயிரும் போயிற்று. ரஞ்சனி தனியாக நின்றாள். தாவணியில் செத்த மிஷின். பின்னால், ஃபைலுக்குப் பின்னால், அதிகாரி. செருப்புக் கம்பெனியின் பசை வாசனையே டீச்சர் மூக்கில் ஏறிவிட்டது.

"பல்லவர் தலைநகரம்?" என்றார் அவர், முன்னைவிடத் தணிந்த குரலில்.

"காஞ்சிபுரம் சார். நீங்க வர்ற ஊருதான்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. தாவணியில் இருந்த செத்த மிஷினையே பார்த்தாள்.

அதிகாரி இன்னும் இரண்டடி பின்னால் போனார். கிட்டத்தட்ட ரகசியம் பேசுகிற குரலில், "மகாபலிபுரத்துல இருக்கிறது என்ன கோயில்?" என்றார்.

"கடற்கரைக் கோயில் சார்."

"அடேயப்பா!"

சாமி அருள்தான் என்று டீச்சர் முடிவு கட்டினாள். சந்தனம் வைத்ததற்குச் சரஸ்வதியே வந்து காதில் உட்கார்ந்துவிட்டாள். எல்லப்பனும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது; 'பாத்தியா' என்பது போல் டீச்சரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

ஆனால் அதிகாரி அதோடு விடவில்லை. "எங்க, நானும் கேட்டுப் பாக்கறேன்," என்று ரஞ்சனியிடமிருந்து மிஷினை வாங்கி, குமிழைத் தன் காதில் செருகிக்கொண்டார்.

டீச்சர் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது. எல்லாம் முடிந்தது.

"யாராவது பேசுங்க."

எல்லப்பன்தான், "அய்யா, டீ சாப்புடறீங்களா?" என்றார்.

அதிகாரி முகம் மலர்ந்தது. "அற்புதம்! எவ்வளவு தெளிவாக் கேக்குது!"

அவருடைய இன்னொரு காது திறந்துதான் இருந்தது என்று அவரிடம் யார் சொல்வது? மிஷினை மூக்கருகே கொண்டு போய் முகர்ந்தார். "சந்தன வாசனைகூட வருதே. லேசாத் தேங்கா எண்ணெய் வாசனையும். இப்பல்லாம் இப்படித்தான் செய்யறாங்களா?"

"புது மாடல் சார்," என்றாள் டீச்சர். தன் வாய்தான் அதைச் சொன்னதா என்று அவளுக்கே சந்தேகம்.

"பிரமாதம். இந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திட்டம் தொடரும். ஹெட்மாஸ்டர், அடுத்த வருஷத்துக்கு இன்னொரு மிஷினும் அனுப்பச் சொல்லட்டுமா? வேற யாருக்காவது தேவைப்படுமா?"

ரகுபதி சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். பதில் இல்லை.

"ஹெட்மாஸ்டர்?"

முதுகுகூட அசையவில்லை.

"பாருங்க, மனுஷருக்குப் பேச்சே வரல," என்றார் அதிகாரி நெகிழ்ந்துபோய். "இப்படிப்பட்டவங்க இருக்கறதாலதான் திட்டம் நடக்குது."

"அனுப்புங்க சார்," என்று டீச்சரே சொன்னாள். "யாருக்காவது உதவும்."

டீ வந்தது, பிஸ்கெட் வந்தது, ஜீப் போயிற்று. புழுதி அடங்குகிற வரை மரகதம் டீச்சர் வராந்தாவிலேயே நின்றாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள். ரஞ்சனி செருப்புக் கம்பெனிக்குப் போகப் போவதில்லை. அது ஒன்று போதும். மிஷினைச் சென்னைக்குக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் ரிப்பேர் செய்துகொள்ளலாம்.

எல்லப்பன் மிச்ச டீயை ஊற்றிக் கொடுத்தார். "நான்தான் சொன்னேனே. பூசைல வெச்ச சாமானு கைவிடாது."

"நீங்க பேசாதீங்க எல்லப்பன். குளோப மொதல்ல போய்த் துடைங்க."

ரகுபதி சார் வராந்தாவின் அந்தக் கோடியில், ரோட்டைப் பார்த்துக்கொண்டு, மஃப்ளரைச் சரிசெய்தபடி நின்றிருந்தார். காலையிலிருந்து ஒரு சுடுசொல் சொல்லாத மனுஷன். டீச்சருக்கு மனசு இளகிற்று.

"சார்! தப்பிச்சோம் சார்!" என்று கூப்பிட்டாள்.

அவர் திரும்பவில்லை.

"இன்னும் கோவம் போகல," என்றாள் டீச்சர் தனக்குள்.

ரஞ்சனி வந்தாள். மிஷினைத் தாவணி நுனியால் ஒரு தடவை நன்றாகத் துடைத்து, வயரை ஒழுங்காகச் சுற்றி டீச்சர் கையில் வைத்தாள்.

"இப்பவாவது பேசலாமா டீச்சர்?"

"பேசுடி என் தங்கமே. எவ்ளோ வேணா பேசு. அவ்ளோ மெதுவாக் கேட்டாரே, உனக்கு எப்படிடி கேட்டுச்சு?"

ரஞ்சனி வராந்தாவின் கோடியில் தெரிந்த மஃப்ளரை ஒரு தரம் பார்த்தாள்.

"திட்டாதீங்க டீச்சர், பூசைக்கு வெச்சிட்டா லீவு முடியற வரிக்கும் கேக்காதேன்னு என்னுத நான் வூட்டுக்கு எடுத்துக்கினு போயிட்டேன், இப்ப இந்தப் பூவுக்குள்ள கீது, இது சாரோடது, எதிர்ல போயி நின்னு குடுங்க, பின்னாலருந்து கூப்ட்டா அவருக்குக் கேக்காது."